நிலவேம்புக்கு 500 மி.லி. சாக்ஸ்லெட் செட்: எதற்கு உதவும், எதற்கு உதவாது

சாக்ஸ்லெட் என்பது கரைப்பானைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிர்வித்து, தூளின் மேல் திரும்பத் திரும்ப விழவைத்துச் சாறு இறக்கும் கண்ணாடிக் கருவி. தஞ்சாவூர், திருச்சி லேப் சாமான் கடைகளில் "சாக்ஸ்லெட் செட்" என்று கேட்டால் எடுத்து வைப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். 500 மி.லி. உருண்டைக் குடுவை, அதன்மேல் உட்காரும் 200 மி.லி. சாறுவடி, உச்சியில் ஆவியைக் குளிர்விக்க, குமிழ் குமிழாக இறங்கும் கண்டென்சர். பிராண்டு முத்திரை எதுவும் இருக்காது. கண்ணாடி ஊதும் சின்னப் பட்டறைகளில் செய்தவை. "போரோசிலிகேட்" (சூடு தாங்கும் கண்ணாடி) என்ற சொல் பில்லில் மட்டும் இருக்கும். கூடவே குடுவையைச் சூடேற்றும் மின் உறையான ஹீட்டிங் மேன்டில் ஒன்றையும் கையில் கொடுத்துவிடுவார்கள். மூலிகை வேதியியலில் ப்ராஜெக்ட் எடுக்கும் எம்.எஸ்சி. மாணவர்களும், சித்த மருந்து செய்யும் சிறு கூடங்களும் இதை வாங்கச் சொல்லும் முதல் காரணம் நிலவேம்பு. அதனால் அந்த ஒரு வேலையை வைத்தே இந்த மதிப்புரை. நிலவேம்பு இலையிலிருந்து அதன் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடைத் தூய படிகமாக எடுக்க இந்த செட் போதுமா? அதைவிட முக்கியமாக, அதற்கு இது தேவையா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பார்த்து வாங்கினால் செட் மோசமில்லை. ஆனால் படிகம் மட்டும்தான் வேண்டும் என்றால் இந்தப் பணத்தை வேறு இடத்தில் போடுவது நல்லது. 1879இல் ஃபிரான்ஸ் ஃபோன் சாக்ஸ்லெட் இதை வடிவமைத்தது பாலில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று அளக்க. ஒரு பொருளில் உள்ளதை மிச்சமில்லாமல் வெளியே கொண்டுவருவதுதான் இதன் பலம். மிச்சமில்லாமல் என்றால் வேண்டாததும் சேர்ந்துதான்.

கடையில் பார்க்க வேண்டியது சைஃபன் குழாய். சாறுவடியின் பக்கவாட்டில் இரண்டு குழாய்கள் இருக்கும். தடித்தது ஆவி மேலே போக. மெல்லியது, வளைந்து இறங்குவது, கரைப்பான் திரும்பிக் குடுவைக்கு வர. உள்ளூர் செட்களில் தவறு நடப்பது இந்த மெல்லிய குழாயில்தான். உள்துளை அகலமாகிவிட்டால் கரைப்பான் வளைவின் உச்சியைத் தொட்டதும் மொத்தமாக இழுத்துக்கொண்டு இறங்காது, ஓரமாகச் சொட்டுச் சொட்டாக வழியும். பார்க்கிறவருக்குக் கருவி ஓடுவது போலத்தான் தெரியும். ஆனால் திம்பிள் என்ற வடிதாள் உறையில் உள்ள தூளைப் புதுக் கரைப்பான் முழுதாக நனைத்து முழுதாக வடிவது நின்றுபோகும், மணிக்கணக்கில் ஓட்டினாலும் பாதிதான் இறங்கும். கடையிலேயே சோதிக்கலாம். சாறுவடியை நிமிர்த்திப் பிடித்து, அளவுச் சாடியிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். ஒரு கட்டத்தில் சடாரென்று மொத்தமும் இறங்க வேண்டும். எத்தனை மி.லி.யில் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள், அடியில் எவ்வளவு தேங்கி நிற்கிறது என்றும் பாருங்கள். மெல்ல ஊற்றியபோது வழிந்து, வேகமாக ஊற்றியபோது மட்டும் இறங்கினால் அந்தத் துண்டு வேண்டாம். அடுத்ததைக் கேளுங்கள். ஒரே பெட்டியில் வந்த நான்கு சாறுவடிகள் நான்கு விதமாக இருப்பது சாதாரணம்.

குறித்துக்கொண்ட அந்த அளவுக்கு இன்னொரு பயன் உண்டு. குடுவையில் ஊற்றும் கரைப்பான் அதைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையக்கூடாது. 200 மி.லி.யில் இறங்கும் சாறுவடிக்கு 300 முதல் 330 மி.லி. அதற்கு மேல் போனால் 500 மி.லி. குடுவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டிவிடும், கொதி பொங்கி ஏறும். குறைத்தால், மேலே நிரம்பும் நேரத்தில் கீழே குடுவை வற்றி, இறங்கிய சாறு கண்ணாடியில் கருகி ஒட்டும். கருகியது எந்தக் கரைப்பானிலும் கரையாது.

இணைப்புகளைப் பொறுத்தவரை கீழே பி24 அளவு வாய் இருந்தால் போதும், எந்தக் கடையிலும் மாற்றுக் குடுவை கிடைக்கும். மேல் வாய் செட்டுக்கு செட் மாறும். கண்டென்சர் உடைந்தால் அதே அளவுக்கு அலைய வேண்டிவரும், ஆகவே வாங்கும்போதே எண்ணைக் குறித்து வையுங்கள். சேர்த்துப் பொருத்திவிட்டுப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அரைப்பு சரியில்லை, கரைப்பான் ஆவி அந்த வழியாகவே போய்விடும். கண்ணாடி உண்மையிலேயே போரோசிலிகேட்டா என்று சந்தேகம் இருந்தால் கடைக்காரரிடம் அதே சரக்கில் உடைந்த சில்லு ஒன்று கேட்டு வாங்கி, ஒரு டம்ளர் சூரியகாந்தி எண்ணெயில் போடுங்கள். ஒளிவிலகல் எண் இரண்டுக்கும் கிட்டத்தட்ட 1.47 என்பதால் போரோசிலிகேட் சில்லு கண்ணுக்குத் தெரியாமல் மங்கிவிடும். சாதாரண சோடாக் கண்ணாடி என்றால் விளிம்பு தெளிவாகத் தெரியும். சோடாக் கண்ணாடியில் மேன்டில் சூடு ஏறி, மேலிருந்து ஆறிய கரைப்பான் ஒரே வீச்சில் கொட்டும்போது குடுவை கீறல் விடும். உள்ளே மெத்தனால் போன்ற தீப்பற்றும் கரைப்பான் இருக்கும்போது நடந்தால் அது தீ விபத்து.

மேன்டிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேண்டாம். செட்டோடு தரும் மலிவு மேன்டிலில் இருப்பது வெப்பநிலைக் கட்டுப்பாடு அல்ல, விட்டு விட்டு மின்சாரம் தரும் குமிழ். அதில் உள்ள 1 முதல் 10 வரையான எண்களுக்கும் டிகிரிக்கும் சம்பந்தமில்லை. கொதி எழும், அடங்கும், மறுபடி எழும். சைஃபன் ஒழுங்காக ஓடாததற்குப் பாதிக் காரணம் இதுவே. இந்த வேலைக்கான கரைப்பான்களில் மெத்தனால் கொதிப்பது 65 டிகிரியில், ஹெக்சேன் 69இல். இரண்டுக்கும் சூடேற்றும் தண்ணீர்த் தொட்டி (வாட்டர் பாத்) போதும். எவ்வளவு முறுக்கினாலும் 100 டிகிரியைத் தாண்டாது, குடுவை வற்றினாலும் ஹெக்சேன் ஆவி தானாகப் பற்றும் சூட்டுக்குப் போகாது. மூன்று கம்பி எர்த் பிளக் உள்ள வாட்டர் பாத் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பல ஆய்வகங்களில் மூலையில் ஒன்று சும்மாவே கிடக்கும்.

காவிரிப் படுகையில் இந்தக் கருவிக்கு உண்மையான சோதனை குளிர்நீர்தான். கருவியோடு வரும் குறிப்புத்தாளில் "குழாய் நீரை இணைக்கவும்" என்று ஒரு வரி. சித்திரை வைகாசியில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் கையைச் சுடும். அதில் மெத்தனால் ஆவி ஓரளவு திரும்பும், ஹெக்சேன் கணிசமாகப் பறக்கும், 40 டிகிரியில் கொதிக்கும் டைக்ளோரோமீத்தேனை நினைத்தே பார்க்க வேண்டாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இன்னொரு தொல்லை. உவர்ப்பான ஆழ்குழாய் நீர் ஒரு பருவத்திலேயே கண்டென்சரின் உள்ளுறையில் வெள்ளைப் படலம் கட்டும். கட்டிவிட்டால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ வினிகரையோ உறையில் நிரப்பி இரவு முழுக்க விட்டுக் கழுவ வேண்டும். தவிர, எட்டு மணி நேரம் குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புவது எந்த ஊரிலும் நியாயமில்லை, மேட்டூர் திறக்குமா என்று காத்திருக்கும் ஊரில் இன்னும் இல்லை.

மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன மூழ்கு பம்பு ஒன்றும் 20 லிட்டர் வாளி ஒன்றும் போதும். கணக்கு எளிது. 200 வாட் சூட்டில் பாதி கண்டென்சருக்குப் போகிறது என்று வைத்தால், 20 லிட்டர் நீர் மணிக்கு நாலு டிகிரிக்கு மேல் ஏறும். அதை அமுக்க மணிக்குச் சுமார் ஒரு கிலோ ஐஸ் வேண்டும். மீன் மார்க்கெட் ஐஸ் நன்றாகவே வேலை செய்யும், ஆனால் சாக்குத் தூளும் உமியும் பம்பில் அடைக்கும், துணியில் கட்டிப் போடுங்கள். நீர் கண்டென்சரின் கீழ் மூக்கில் நுழைந்து மேல் மூக்கில் வெளியேற வேண்டும். தலைகீழாக மாட்டினால் உறையில் பாதி காற்றுதான் நிற்கும். பம்பையும் வாட்டர் பாத்தையும் ஒரே சுவிட்ச் போர்டில் மாட்டுங்கள், கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து நிற்கட்டும். பம்பு மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தால் பரவாயில்லை. சூடு மட்டும் இன்வெர்ட்டரில் இருந்தால் ஆபத்து.

கரண்ட் திரும்பி வரும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கொதி சீராக எழ குடுவையில் போட்டிருக்கும் பீங்கான் சில்லுகள், கொதி நின்றதும், கரைப்பானைக் குடித்துச் செத்துவிட்டிருக்கும். அப்படியே மறுபடி சூடேற்றினால் அமைதியாக இருந்து திடீரென்று பொங்கும், சாறு கண்டென்சர் வரை ஏறும். முழுதாக ஆறவிட்டுப் புதுச் சில்லு இரண்டு மூன்று போட்டு ஆரம்பிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது சில்லு போடுவது அதைவிட மோசம், அந்த நொடியே பொங்கும்.

மின்விசிறி ஓடும் அறையில் சைஃபன் வேகம் பாதியாகும். தடித்த ஆவிக்குழாய் காற்றில் குளிர்ந்து, ஆவி கண்டென்சருக்குப் போகும் முன்பே திரவமாகித் திரும்பிவிடும். குழாயைச் சுற்றிப் பஞ்சு, அதன்மேல் அலுமினியத் தாள். மணிக்கு ஐந்து ஆறு முறை சைஃபன் இறங்கினால் சரியான வேகம்.

இனி இலை. இதில் கோட்டை விட்டால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. நாட்டு மருந்துக் கடையில் "நிலவேம்பு" என்று கேட்டால் சில இடங்களில் நிலவேம்புக் குடிநீர்ப் பொடியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். டெங்கு காலத்தில் எல்லோரும் கேட்பது அதைத்தான். அதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு இருக்கும். சாற்றில் உள்ளவற்றைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் ரங்கோலி போட்டது போல வரும், எது எங்கிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டாக விற்கும் சமூலமும் (வேரோடு முழுச் செடி) அவ்வளவு நல்லதில்லை. பாதி தண்டு, பூத்துக் காய்த்து வெடித்த செடி, பழுப்பேறிய இலை. ஆண்ட்ரோகிராஃபோலைடு அதிகம் இருப்பது இலையில், பூப்பதற்குச் சற்று முன். நல்ல இலையில் காய்ந்த எடைக்கு 2 சதவீதம் வரை இருக்கும். தண்டும் சேர்ந்த பழைய கட்டில் 1 சதவீதத்தைத் தொடுவதே பெரிது.

முடிந்தால் வளர்த்துக்கொள்வது நல்லது. வயலின் களிமண்ணில் நீர் நின்றால் அழுகும். காவிரி, கொள்ளிடம் ஓரப் படுகை மண்ணிலோ மேட்டுப் பாத்தியிலோ நன்றாக வரும். ஆனியில் நாற்று நட்டால் புரட்டாசிக் கடைசியில், மொட்டு கட்டும் சமயம் அறுக்கலாம். ஐப்பசிக்குத் தள்ளினால் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும், நிழலில் எத்தனை நாள் போட்டாலும் காயாது, பூஞ்சை ஏறும். பறித்த இலையைத் தண்டிலிருந்து உருவி, மெல்லிய படலமாக நிழலில் பரப்பி, கடைசியில் 40 முதல் 45 டிகிரி அவனில் முடியுங்கள். விரலில் நசுக்கினால் நொறுங்க வேண்டும், வளையக்கூடாது. 5 கிராம் எடுத்து 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை வைத்துப் பாருங்கள். இழப்பு 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். (இந்தச் சோதனைக்கு எடுத்த இலையைத் திரும்பப் போட்டுவிடாதீர்கள், அது தீர்ந்தது.) ஈரம் கூடினால் மெத்தனாலோடு தண்ணீர் சேர்ந்து சர்க்கரையையும் உப்பையும் இழுத்து வரும். கடைசியில் படிகம் வர வேண்டிய இடத்தில் வெல்லப்பாகு போல ஒரு பிசின் நிற்கும்.

செடியின் அடையாளத்தையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். கோபுரந்தாங்கியும் இதே பேரினம்தான், ஆனால் உள்ளிருக்கும் வேதிப்பொருள் வேறு. பூவோடு ஒரு மாதிரியை அழுத்தி உலர்த்தித் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கு (உலர் தாவரக் காப்பகம்) கொண்டுபோய் அடையாளம் காட்டி எண் வாங்கி வையுங்கள். கட்டுரை எழுதும்போது அந்த எண் இல்லாமல் எந்த நல்ல ஆய்விதழும் ஏற்காது.

தூளை மாவாக அரைக்க வேண்டாம். ரவை பதம் சரி. மாவு திம்பிளில் களிம்பாகி, கரைப்பான் ஓரமாக வழி கண்டுபிடித்து இறங்கும், நடு மாவு காய்ந்தே கிடக்கும். இந்தச் சாறுவடிக்குப் பொருந்தும் 43க்கு 123 மி.மீ. செல்லுலோஸ் திம்பிளில் இலைத் தூள் 30 கிராம் அளவுதான் கொள்ளும். அழுத்தக் கூடாது. தூளின் மட்டம் சைஃபன் வளைவுக்குக் கீழே, திம்பிளின் விளிம்பு வளைவுக்கு மேலே, தூளின் மேல் பஞ்சு. சிலர் திம்பிள் விலைக்குப் பயந்து கோராத் துணியில் பை தைத்துக்கொள்கிறார்கள். குற்றமில்லை. ஆனால் துணியில் கஞ்சியும் மெழுகும் இருக்கும், கொதிநீரில் அலசி உலர்த்தி, வெறும் பையை ஒரு மணி நேரம் கரைப்பானில் ஓட்டி அந்தக் கரைப்பானைத் தள்ளிவிடுங்கள். விலைக்கு வாங்கிய திம்பிளுக்கும் இந்தக் கழுவல் வேண்டும்.

30 கிராம் என்பதை மனதில் வையுங்கள். 2 சதவீதம் என்றால் அதில் இருப்பதே 0.6 கிராம். தூய படிகமாகக் கையில் பாதி வந்தால் கைதேர்ந்த வேலை. செட்டின் பெரிய குறையே இதுதான். மெத்தனாலுக்கு மட்டும் எட்டு மணி நேர ஓட்டம், எட்டு கிலோ ஐஸ், கிடைப்பது ஒரு சிட்டிகை.

ஓட்டும் முறை இது. முதலில் 300 மி.லி. ஹெக்சேன், நாலைந்து மணி நேரம். மெழுகும் கொழுப்பும் பச்சையத்தில் ஒரு பகுதியும் இறங்கும். ஆண்ட்ரோகிராஃபோலைடு ஹெக்சேனில் கரையாது, இலையிலேயே நிற்கும். இந்தப் படியில் சாக்ஸ்லெட்டுக்கு ஈடில்லை, இதற்காக மட்டுமே இதை வைத்துக்கொள்ளலாம் என்று கூடச் சொல்லலாம். பிறகு திம்பிளை வெளியே எடுத்து ஹெக்சேன் வாடை போகும்வரை புகைபோக்கி அறையில் விடுங்கள். அடுத்து 320 மி.லி. மெத்தனால், ஆறிலிருந்து எட்டு மணி நேரம். சைஃபன் குழாயில் நிறம் வெளுத்துவிட்டதே என்று நிறுத்துவது தவறு. பச்சை நின்ற பிறகும் கசப்பு இறங்கிக்கொண்டிருக்கும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம், அது மெத்தனால். சாறுவடியிலிருந்து ஒரு துளியை டி.எல்.சி. தகட்டில் வைத்துப் பாருங்கள். புள்ளி தெரியாமல் போனதும் நிறுத்துங்கள்.

தகடு, அலுமினியத்தில் பூசிய சிலிக்கா ஜெல் 60 எஃப்254. ஓடும் கரைப்பான், குளோரோஃபார்ம் ஒன்பது பங்கு, மெத்தனால் ஒரு பங்கு. ஆண்ட்ரோகிராஃபோலைடு புற ஊதா ஒளியை அதிகம் உறிஞ்சுவது 223 நானோமீட்டர் அருகே. அதனால் 254 நானோமீட்டர் விளக்கில் மங்கலான கருநிழலாகத்தான் தெரியும், "இல்லை" என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கெட்டே என்ற நிறங்காட்டும் கரைசலைத் தெளித்தால் அதன் மூலக்கூறில் உள்ள லாக்டோன் வளையம் ஊதா கலந்த சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். 3,5-டைநைட்ரோபென்சாயிக் அமிலம் 2 சதவீதம் மெத்தனாலில் ஒரு புட்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு 5.7 சதவீதம் மெத்தனாலில் இன்னொரு புட்டி. தெளிக்கும் நேரத்தில் சம அளவில் கலக்க வேண்டும். நிறம் சில நிமிடங்களில் மங்கும், போனை எடுத்து உடனே படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

தகட்டில் ஆண்ட்ரோகிராஃபோலைடுக்கு மேலே, 254 விளக்கில் பளிச்சென்று கறுப்பாக இன்னொரு புள்ளி எழுந்தால் அது பெரும்பாலும் நீர் இழந்த துணைப்பொருள், 14-டீஆக்சி-11,12-டைடிஹைட்ரோ வகை. இலையிலேயே கொஞ்சம் இருக்கும். பழைய தூளிலும், அதிக நேரம் சூட்டில் கிடந்த சாற்றிலும் கூடும். சாக்ஸ்லெட்டில் இலை புதுக் கரைப்பானைத்தான் பார்க்கிறது, ஆனால் ஏற்கெனவே இறங்கிய சாறு அத்தனை மணி நேரமும் கீழே கொதித்துக்கொண்டிருக்கிறது. எட்டு மணி நேரத்தோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவே காரணம். இரவு முழுக்க ஓட்டுகிறேன், காலையில் வந்து பார்க்கிறேன் என்பது தீப்பற்றும் கரைப்பானோடு எந்த நாளும் செய்யக்கூடாதது.

படிகமாக்கல். மெத்தனால் சாற்றைக் குறைந்த அழுத்தத்தில், 45 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவைத்துக் கரும்பச்சைக் களியாக்குங்கள். அதில் டொலுயீன் ஊற்றிக் கிளறி, தெளிந்ததை இறுத்து, மறுபடி ஊற்றி, இறுத்த டொலுயீனில் பச்சை இறங்குவது நிற்கும் வரை கழுவ வேண்டும். பச்சையம் அதில் போகும், நமக்கு வேண்டியது போகாது. சிலர் டொலுயீனுக்குப் பதில் செயலூட்டிய கரியைக் கொட்டுகிறார்கள். கரி பச்சையைத் தின்னும், ஆண்ட்ரோகிராஃபோலைடையும் தின்னும். அரை கிராம் பொருளை எடுக்கும் இடத்தில் ஐந்து கிராம் கரி போட்டால் மிஞ்சுவது கரிதான். கழுவிய களியை மிகக் குறைந்த சூடான மெத்தனாலில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, அறைச் சூட்டுக்கு மெல்ல இறங்கவிட்டு, பிறகு ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள். தட்டுத் தட்டான நிறமற்ற படிகங்கள் அடியில் நிற்கும். காற்றை உறிஞ்சி வடிக்கும் புக்னர் புனலில் இழுத்து, ஐஸில் வைத்த மெத்தனால் சில மி.லி. மட்டும் ஊற்றிக் கழுவுங்கள். அதிகம் ஊற்றினால் படிகமே கரைந்து போய்விடும். இன்னொரு முறை கரைத்துப் படியவிட்டால் உருகுநிலை 228 முதல் 231 டிகிரிக்குள் நிற்கும். 215இல் இளக ஆரம்பித்துப் பத்து டிகிரி இழுத்துக்கொண்டு உருகினால் இன்னும் தூய்மையாகவில்லை.

படிகம் வரவில்லை என்றால் மூன்று இடங்களில் தேடுங்கள். பச்சை முழுதாகப் போகவில்லை, அல்லது இலையில் ஈரம் இருந்தது, அல்லது கரைசல் போதிய அளவு வற்றவில்லை. கண்ணாடிக் குச்சியால் குடுவையின் உட்சுவரைக் கீறிவிட்டால் சில சமயம் அன்றே விழும். பழைய படிகம் ஒரு துகள் விதையாகப் போட்டால் இன்னும் நிச்சயம். அதற்காகவே முதல் முறை கிடைத்ததில் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும்.

இப்போது ஒப்பீட்டுக்கு வரலாம். மூடி போட்ட இரண்டு லிட்டர் கண்ணாடி ஜாடியில் 100 கிராம் தூளைப் போட்டு, மெத்தனால் அரை லிட்டர் ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றி என்று மூன்று முறை செய்தாலும் படிகத்துக்குப் போதுமான சாறு இறங்கிவிடும். தூளை முதலில் ஹெக்சேனில் ஒரு முறை அலசி எடுத்தால் இன்னும் சுத்தம். டைக்ளோரோமீத்தேனும் மெத்தனாலும் சம பங்கு கலந்து ஊறவைத்தால் வேகமாக இறங்கும். ஆனால் நல்ல புகைபோக்கி இல்லாத இடத்தில் அந்தக் கலவை வேண்டாம். ஊறவைப்பதில் இலையில் ஓரளவு மிஞ்சிப்போகும், உண்மைதான். ஆனால் ஒரு சுற்றில் மூன்று மடங்கு இலை, சூடே இல்லை, ஐஸ் இல்லை, கரண்ட் போனால் கவலை இல்லை, நீர் இழந்த துணைப்பொருளும் குறைவு. மெத்தனால்தான் அதிகம் செலவாகும். அதில் பெரும்பகுதியை, குறைந்த அழுத்தத்தில் வற்றவைக்கும் ரோட்டரி எவாப்பரேட்டரில் திரும்பப் பிடிக்கலாம்.

அப்படியானால் சாக்ஸ்லெட் யாருக்கு? பத்து இடத்து நிலவேம்பை ஒப்பிட்டு எதில் எத்தனை சதவீதம் என்று எச்.பி.எல்.சி. என்ற அளக்கும் கருவியில் பார்க்கிறவர்களுக்கு இது கைகொடுக்கும். அங்கே மிச்சமில்லாமல் இறக்குவதுதான் வேலை, ஐந்து கிராம் இலை போதும், படிகமே தேவையில்லை. ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று வரிசையாக இறக்கி ஒவ்வொன்றையும் கிருமிகளுக்கு எதிராகச் சோதிக்கிறவர்களுக்கும் சரி. வெறும் படிகத்துக்கு வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் ஒட்டிக்கொள்ளும் இரண்டு மாசுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டோடு தரும் சிலிக்கோன் கிரீஸை இணைப்புகளில் தாராளமாகப் பூசினால் ஹெக்சேன் அதைக் கரைத்துக் குடுவையில் சேர்க்கும். பிறகு மூலக்கூறு அமைப்பைப் பார்க்கும் என்.எம்.ஆர். வரைபடத்தில் 0.07 பி.பி.எம். அருகே ஒரு கூர்முனை எழும், செடியில் ஏதோ புதிது கண்டதாக நினைக்கத் தோன்றும். டெஃப்லான் உறை போட்டால் கிரீஸே வேண்டாம். இரண்டாவது, பிளாஸ்டிக் கேனில் வரும் கரைப்பானும் பிளாஸ்டிக் பிழிபுட்டியும். கலவையில் உள்ளவற்றைப் பிரித்து எடை பார்க்கும் ஜி.சி.எம்.எஸ். அறிக்கையில் 149 எடையில் உயர்ந்து நிற்கும் தாலேட் உச்சியை "மூலிகையில் உள்ள வேதிப்பொருள்" என்று அட்டவணையில் போட்ட ஆய்வேடுகள் நிறையவே உண்டு. அது பெரும்பாலும் பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள். இலையே போடாமல் வெறும் திம்பிளோடு ஒரு ஓட்டம் ஓட்டி அந்தக் கரைப்பானையும் சோதனைக்கு அனுப்பினால் எது செடியிலிருந்து, எது டப்பாவிலிருந்து என்று பிரிந்துவிடும்.

கடையில் செட் வாங்குவது எளிது, கரைப்பான் வாங்குவது எளிதல்ல. தமிழ்நாட்டில் மெத்தனாலை உரிமம் இல்லாமல் வாங்கவோ இருப்பு வைக்கவோ முடியாது, எத்தனாலுக்கும் அதே கதை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன் பிறகும் "காகிதம் எதற்கு சார், கேனோடு எடுத்துப்போங்க" என்கிற கடையிலிருந்து நகர்ந்துவிடுங்கள். கல்லூரியின் உரிமத்தின் பேரில், இருப்புப் பதிவேட்டில் ஏற்றி வாங்குவதுதான் வழி. எடுத்த படிகம் மருந்தல்ல. கரைப்பான் மிச்சம் எவ்வளவு என்று சோதிக்காத பொருளை யாருக்கும் குடிக்கக் கொடுக்கக்கூடாது.

செட்டையும் மேன்டிலையும் சேர்த்துக் கொடுக்கும் விலையில் ஒரு புக்னர் புனலும் வடிகுடுவையும், கண்ணாடி ஜாடி இரண்டும் வாங்கலாம், மிச்சத்தில் டி.எல்.சி. தகட்டுக்கும் பெரும்பகுதி வந்துவிடும். படிகம் எடுக்க வருகிறவர் இவற்றை வாங்கட்டும். சாக்ஸ்லெட்தான் வேண்டும் என்றால் மேன்டிலைக் கழித்துவிட்டுச் சாறுவடியை மட்டும் இரண்டாக வாங்குங்கள். உடைவது எப்போதும் சைஃபன் குழாய், அதுவும் பெரும்பாலும் கழுவும் தொட்டியில். தனியாகக் கேட்டால் பல கடைகளில் செட்டாகத்தான் தருவோம் என்பார்கள், கொஞ்சம் வற்புறுத்தினால் தருகிறார்கள். வீட்டுக்கு எடுத்துப்போகும் முன் இரண்டையும் கடை வாசலிலேயே தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிடுங்கள். திரும்பக் கொண்டுபோனால் "நீங்கதான் உடைச்சீங்க" என்ற பேச்சுதான் வரும்.